பழைய வி-ட்வின் ஸ்போர்ட்ஸ் பைக்: எதை முதலில் சரிசெய்வது, எதைக் கடைசியில் மாற்றுவது

1994இல் வெளிவந்த டுகாட்டி 916, 1997இல் வந்த ஹோண்டா விடிஆர்1000எஃப் ஃபயர்ஸ்டார்ம், அதே ஆண்டின் சுசுகி டிஎல்1000எஸ், 1999இன் சுசுகி எஸ்வி650 ஆகிய வி-ட்வின் வண்டிகள் (இரண்டு சிலிண்டர்கள் வி வடிவில் அமைந்தவை) எல்லாம் கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டன. இவற்றில் ஒன்றை வாங்கியவரின் கை முதலில் நீள்வது சைலன்சரை நோக்கித்தான். என் கருத்தில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. மின்சாரம், டைமிங் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்), எரிபொருள், சஸ்பென்ஷன் என்ற வரிசையில் போனால், பழைய வி-ட்வின் நம்பி ஓட்டக்கூடிய வண்டியாக மாறும். அந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பணம் போகும், வண்டி வழியில் நிற்கும்.

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி, என்ஜின் ஓடாதபோது மல்டிமீட்டரில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். என்ஜினை 5,000 ஆர்பிஎம் அளவில் வைத்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். அதற்குக் கீழே நின்றால், மின்சாரத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையரைக் குறைசொல்வதற்கு முன், என்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரிலிருந்து அதற்குச் செல்லும் மூன்று கம்பிகளின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் ஒரு மூலையில் பழுப்பேறி, உள்ளே ஒரு முனை மட்டும் கறுத்து, அந்தக் கம்பியின் உறை விரலால் வளைத்தால் மொறுமொறுவென்று உடைகிறதென்றால், கோளாறு அங்கேதான் தொடங்கியிருக்கிறது: தளர்ந்த முனையில் தடை கூடுகிறது, தடை வெப்பமாகிறது, வெப்பம் முனையை இன்னும் தளர்த்துகிறது. கறுத்த பகுதியை வெட்டிவிட்டுத் தரமான புதிய கனெக்டர் போடுங்கள். பிறகு, கனெக்டரைப் பிரித்த நிலையில் என்ஜினை ஓட்டி, மூன்று கம்பிகளையும் இரண்டிரண்டாக எடுத்து ஏசி வோல்ட்டேஜை அளந்தால் மூன்று அளவும் ஒத்திருக்க வேண்டும். என்ஜினை நிறுத்திவிட்டுச் சோதித்தால் எந்தக் கம்பிக்கும் சேஸிஸுடன் தொடர்பு இருக்கக் கூடாது. ஸ்டேட்டர் நன்றாக இருந்தும் சார்ஜ் சரியாக வரவில்லையென்றால் ரெகுலேட்டரை மாற்றலாம். மாற்றும்போது, பழைய வகையைவிடக் குறைவாகச் சூடாகும் மாஸ்ஃபெட் வகையை வாங்கி, காற்றுப் படும் இடத்தில் பொருத்துவது நல்லது.

அடுத்தது டைமிங். இங்கே அலட்சியம் என்பது என்ஜினையே இழப்பது. ஃபயர்ஸ்டார்மில் இரண்டு சிலிண்டர்களுக்கும் தனித்தனிக் கேம் செயின் (வால்வுகளைத் திறக்கும் கேமைச் சுழற்றும் சங்கிலி), அதை இறுக்கமாக வைக்கும் தனித்தனித் தானியங்கி டென்ஷனர். டென்ஷனருக்குள் இருக்கும் ஸ்பிரிங் உடைந்தால் செயின் தளர்ந்து பல் தாண்டும், வால்வு பிஸ்டனில் மோதும். முன்கூட்டியே சத்தம் கொடுத்து எச்சரிக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே, அவை எப்போது மாற்றப்பட்டன என்று தெரியாத வண்டியில் இரண்டையும் மாற்றிவிடுவதே என் பரிந்துரை. திருகாணியும் லாக்நட்டும் கொண்ட மேனுவல் டென்ஷனரைப் பலர் விரும்புகிறார்கள்; அதில் ஸ்பிரிங் உடையும் அச்சம் இல்லை, ஆனால் அவ்வப்போது சரிபார்க்கும் பொறுப்பு உங்களுடையது. கழற்றுவதற்கு முன், அந்தந்தச் சிலிண்டரைக் கம்ப்ரெஷன் வீச்சின் உச்சிப்புள்ளியில் நிறுத்துங்கள். வால்வு ஸ்பிரிங் அழுத்தத்தில் கேம் இருக்கும்போது செயினைத் தளர்த்தினால் கேம் தானாகச் சுழன்று பல் தாண்டிவிடக்கூடும். டுகாட்டி 916இல் செயினுக்குப் பதிலாக ரப்பர் பெல்ட். ஓடாமல் நின்ற வண்டியிலும் ரப்பருக்கு வயதாகிறது என்பதால், கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் 2 ஆண்டுக்கொருமுறை பெல்ட்டை மாற்றுவது பாதுகாப்பு.

இரண்டே சிலிண்டர் என்பதால், ஒன்று சற்றுப் பிசகினாலும் பாதி என்ஜின் பிசகுகிறது. 90 பாகை வி-ட்வினில் எரிப்பு 270, 450 பாகை இடைவெளிகளில் மாறி மாறி நிகழ்வதால், குறைந்த வேகத்தில் ஓட்டம் இயல்பாகவே சற்று வெட்டும். கார்புரேட்டர்கள் சமன் தவறியிருந்தால் அந்த வெட்டு தாங்க முடியாததாகிவிடும். ஃபயர்ஸ்டார்மின் இரண்டு 48 மி.மீ. கார்புரேட்டர்களையும் வேக்குவம் கேஜ் (உறிஞ்சும் அழுத்தத்தை அளக்கும் கருவி) வைத்துச் சமன் செய்யுங்கள். அதற்கு முன் இன்டேக் ரப்பர்களில் வெடிப்பு இருக்கிறதா, வேக்குவம் குழாய்கள் காய்ந்து இறுகியிருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். காற்றுக் கசிவை வைத்துக்கொண்டு செய்யும் டியூனிங் வீண். எஸ்வி650 வைத்திருப்பவருக்கு ஒரு தனிக் குறிப்பு: மழையில் முன் சிலிண்டர் மட்டும் விட்டுவிட்டு எரிந்தால், அதன் ஸ்பார்க் பிளக் குழியிலிருந்து நீர் வடியும் சிறு துளை அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

பிரேக் ஆயிலை 2 ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் முதுமையில் இறுகிய டயரில் வேகமாகப் போகாதீர்கள்.

உண்மையான மேம்பாடு சஸ்பென்ஷனில்தான் இருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கின் ஆயிலைப் புதிதாக்கிய பின் சேக்கை, அதாவது எடையால் சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குகிறது என்பதை, அளந்து பாருங்கள். சக்கரம் தரையில் படாதபோது ஓர் அளவு, வண்டி தன் எடையில் நிற்கும்போது ஓர் அளவு, நீங்கள் முழு உடையுடன் ஏறி அமர்ந்தபின் இன்னோர் அளவு என மூன்றும் தேவை. கூட ஒருவர் இருந்தால்தான் சரியாக எடுக்க முடியும். நீங்கள் அமர்ந்த நிலையில் 30 முதல் 40 மி.மீ. வரை இறங்கினால் சாலைக்குப் பொருந்தும். அந்த அளவைக் கொண்டுவர ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை) ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் ஆளில்லாத வண்டி பின்னால் சற்றும் இறங்காமல் நிற்கிறதென்றால், ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெலிது. ப்ரீலோடு அதற்குத் தீர்வல்ல, கனமான ஸ்பிரிங்தான் தீர்வு. எஸ்வி650இன் எளிய போர்க்கில் கார்ட்ரிட்ஜ் எமுலேட்டர் (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) போட்டால் முன்பக்கம் வேறு வண்டி போல நடந்துகொள்ளும். டிஎல்1000எஸ்ஸின் பின்பக்கத்தில் உள்ள சுழல்வகை டாம்பர் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் பாகம்) சூட்டில் தளர்ந்துவிடுவதால், அதை நீக்கி வழக்கமான ஷாக் அப்சார்பர் போடுவது செலவுக்குத் தகுந்த வேலை.

வேகமெடுப்பு கூட வேண்டுமென்றால், முதலில் முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல்லைக் குறையுங்கள். ஃபயர்ஸ்டார்மில் 16ஐ 15 ஆக்குவது, பின் ஸ்பிராக்கெட்டில் ஏறத்தாழ 3 பல் கூட்டுவதற்குச் சமம். குறைந்த வேகத்து வெட்டும் தணிகிறது. இதற்குப் பிறகும் சைலன்சர் மாற்ற ஆசையிருந்தால் மாற்றலாம், ஆனால் ஏர் பாக்ஸை மட்டும் கம்பெனி அமைப்பிலேயே விட்டுவிடுங்கள். அதைத் திறந்து தனித்தனிக் கூம்பு ஃபில்டர் போட்டால், நடு ஆர்பிஎம்மில் காற்றுக்கேற்ற எரிபொருள் போதாமல், ஜெட் (கார்புரேட்டரில் எரிபொருள் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சிறு பாகம்) மாற்றி மாற்றியே காலம் போய்விடும். ஜெட் மாற்றுவதானால் ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் எழுதி வையுங்கள். கழற்றிய கம்பெனி பாகங்களை எண்ணெய் தடவிப் பெயரெழுதிப் பத்திரப்படுத்துங்கள், ஏனெனில் இந்த வண்டிகளுக்கு அவை புதிதாகக் கிடைப்பது அரிதாகிக்கொண்டே வருகிறது.