எராவான் அருவிக்குத் தனி வண்டியில் ஒரு நாள்: செட்டிநாட்டுக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாய்லாந்துக்குப் போகும் நம் ஊர்க் குடும்பங்கள் கடற்கரை, கடைவீதி, கோயில் எல்லாம் திட்டத்தில் ஏறிய பிறகு, "பிள்ளைகளுக்கு ஓர் அருவியும் காட்டிவிடலாம்" என்று கடைசியாகச் சேர்ப்பது எராவான் தேசியப் பூங்காவை. அப்படி மிச்ச நேரத்தில் ஒட்டவைக்கக்கூடிய இடமல்ல அது. காஞ்சனபுரி மாகாணத்தில் 1975-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட, 550 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காடு. அதற்குள் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் தொலைவுக்கு ஏழு தட்டுகளாக இறங்கி வருகிறது அருவி. சுண்ணாம்புக் கல்லில் ஊறி வரும் நீர் என்பதால் தட்டுக்குத் தட்டு பச்சையும் நீலமும் கலந்த குளங்கள் தேங்கி நிற்கின்றன. ஏழாவது தட்டின் பாறை ஐராவதத்தின் தலைகளைப் போலத் தெரிவதால் இந்தப் பெயர் வந்தது.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் பங்காளிகள், சம்பந்திகள் என்று எட்டுப் பத்துப் பேராகச் சேர்ந்து, ஒரு வேனும் வழிகாட்டியும் தனியாக அமர்த்திக்கொள்கிறார்கள். பலரோடு சேர்ந்து போகும் பஸ் பயணத்தைவிட இதற்குச் செலவு கூடுதல். அந்தக் கூடுதல் பணத்துக்கு நமக்குக் கிடைப்பது நேரத்தின் மீதான உரிமை. எப்போது கிளம்புவது, எங்கே நிற்பது, எங்கே நிற்காமல் போவது என்பதை நாமே முடிவு செய்யலாம். அந்த உரிமையை ஊரிலேயே முகவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதுதான் மற்றத் தவறுகளுக்கெல்லாம் வேர் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

முதலில், எந்த எராவான் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பாங்காக் நகரின் நடுவே எராவான் சன்னதி என்று பிரம்மாவுக்கு ஒரு புகழ்பெற்ற சன்னதி இருக்கிறது. நகரை அடுத்த சமுத் பிரகானில் மூன்று தலை யானைச் சிலையோடு எராவான் அருங்காட்சியகம் இருக்கிறது. பெயரை மட்டும் சொல்லி வண்டி பேசினால் இந்த இரண்டில் ஒன்றுக்கு விலை சொல்லிவிடுவார்கள். விலை மலிவாக இருக்கிறதே என்று நாமும் சம்மதித்துவிடுவோம். "காஞ்சனபுரி, எராவான் தேசியப் பூங்கா, அருவி" என்று மூன்றையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். தாய் மொழியில் அருவிக்கு "நாம் தோக்" என்று பெயர். ஓட்டுநரிடம் "நாம் தோக் எராவான்" என்றால் குழப்பம் வராது.

ஒரே நாளில் நான்கு இடம்

பாங்காக்கிலிருந்து மேற்கே போகும் பயணம் என்றதும் முகவர்கள் மிதக்கும் சந்தை, தண்டவாளச் சந்தை, குவாய் நதிப் பாலம், அருவி என்று நான்கையும் ஒரே நாளில் அடுக்கித் தருவார்கள். காகிதத்தில் அது லாபமாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பாங்காக்கிலிருந்து அருவிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். நேராகப் போனாலே மூன்று, மூன்றரை மணி நேரம். காலை ஏழு மணிக்குக் கிளம்பி, சந்தையில் இரண்டு மணி நேரம் கழித்து, காஞ்சனபுரி நகரில் பாலம் பார்த்துச் சாப்பிட்டு, அங்கிருந்து இன்னும் 65 கிலோமீட்டர் போனால், அருவி வாசலில் இறங்கும்போது பிற்பகல் இரண்டரை ஆகிவிடும். மூன்று மணியை ஒட்டி மேல் தட்டுகளுக்கு ஏறுவதை வனக் காவலர்கள் நிறுத்தத் தொடங்குவார்கள். நாலரை மணி வாக்கில் எல்லாரும் கீழே வந்தாக வேண்டும். இரண்டாம் தட்டில் காலை நனைத்து, நான்கு படம் எடுத்துக்கொண்டு திரும்பும் குடும்பங்கள் இப்படித்தான் உருவாகின்றன. அருவி அழகாகத்தான் இருந்தது, ஆனால் பார்த்தது ஏழில் இரண்டு.

அருவிக்குக் காலையைக் கொடுங்கள். ஆறு மணிக்கு விடுதியை விட்டு வண்டி நகர வேண்டும். ஆறு என்றால் எல்லாரும் வண்டியில் அமர்ந்திருக்கும் நேரம். காப்பிக்காகக் காத்திருக்கும் நேரமல்ல. பத்துப் பேர் உள்ள குடும்பத்தில் இது எளிதல்ல என்பது தெரியும். அதனால் முதல் நாள் இரவே காலை உணவைப் பொட்டலமாகக் கேட்டு வைத்துவிடுங்கள். ஒன்பதரைக்கு அருவியை அடைந்தால், வழியில் எங்கும் குளிக்காமல் முதலில் ஏழாம் தட்டுவரை ஏறிவிடுங்கள். நின்று நின்று போனாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். குளியலெல்லாம் இறங்கும்போது. ஈரத் துணியோடு வேர்களும் வழுக்குக் கற்களும் உள்ள பாதையில் ஏறுவது சிரமம். பலர் நான்காம் தட்டோடு களைத்து நின்றுவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம். மேலே போகப் போகக் கூட்டம் குறையும். ஐந்தாம் தட்டுக்கு மேல் குளங்கள் உங்களுக்கே தனியாகக் கிடைக்கும் நேரமும் உண்டு, காலையில் போனால்.

வரைபடத்தில் அருகே தெரிகிறதே என்று, போர்க்காலத்தில் ரயில் பாதைக்காக மலையை வெட்டிய ஹெல்ஃபயர் கணவாயையும் சேர்க்கச் சொல்லி வற்புறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது குவாய் நோய் ஆற்றின் பள்ளத்தாக்கு; எராவான் இருப்பது குவாய் யாய் ஆற்றின் பக்கம். சாலையே வேறு. அதற்கு இன்னொரு நாள் வேண்டும்.

ஓட்டுநர் வேறு, வழிகாட்டி வேறு

விலை பேசும்போது இந்த வேறுபாட்டைக் கேட்காமல் விடுவது மிகப் பரவலான தவறு. ஓட்டுநர் நல்ல மனிதராக இருப்பார், ஓரளவு ஆங்கிலம் பேசுவார், ஆனால் வண்டி நிறுத்துமிடத்தைத் தாண்டி வரமாட்டார். தாய்லாந்தில் வழிகாட்டியாகப் பணி செய்ய அரசின் சுற்றுலாத் துறை தரும் உரிமம் வேண்டும்; உரிமம் உள்ளவர் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பார். அந்த வேலை சட்டப்படி தாய்லாந்துக் குடிமக்களுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டது. ஆகவே ஊரிலிருந்து குழுவை அழைத்துவரும் தமிழ் பேசும் மேலாளர் எவ்வளவு விவரமானவராக இருந்தாலும் அங்கே வழிகாட்டியின் இடத்தை நிரப்ப முடியாது. "தமிழ் வழிகாட்டி உண்டு" என்று யாராவது உறுதி கொடுத்தால், உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

உரிமம் இருந்தால் மட்டும் போதாது. "வழிகாட்டி எங்களோடு ஏழாம் தட்டுவரை நடந்து வருவாரா?" என்று எழுத்தில் கேளுங்கள். குடும்பம் இரண்டாகப் பிரியும் இடம் இது. இளைஞர்கள் மேலே போவார்கள், அப்பத்தாவும் ஆயாவும் கீழே நிற்பார்கள். வழிகாட்டி எந்தக் கூட்டத்தோடு இருப்பார், மற்றக் கூட்டத்துக்கு யார் பொறுப்பு என்பதை வண்டியிலேயே பேசிவிட வேண்டும்.

நுழைவுக் கட்டணம் பேசிய தொகையில் அடங்குமா என்பதையும் கேளுங்கள். வெளிநாட்டவருக்குப் பெரியவர் ஒருவருக்கு 300 பாட், குழந்தைக்கு 200 பாட் என்பது நெடுங்காலமாக உள்ள கட்டணம். தாய்லாந்துக்காரர்களுக்கு மிகக் குறைவு. எட்டுப் பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும் போனால் அதுவே 2,800 பாட். வாசலில் நின்றுகொண்டு இதைப் பற்றி வழிகாட்டியிடம் சண்டை போடுவது அந்த நாளின் முகத்தையே மாற்றிவிடும்.

குற்றாலப் பழக்கம் அங்கே செல்லாது

நமக்கு அருவி என்றால் குற்றாலம். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு, விழும் தண்ணீருக்கு நேர் கீழே போய் நின்று, தோள் வலி தீரக் குளிப்பது நம் வழக்கம். எராவான் வேறு வகை. அங்கே நீந்துவதும் மிதப்பதும் குளங்களில். எண்ணெய், சீயக்காய், சோப்பு, ஷாம்பூ எதையும் அந்த நீரில் கலக்கக் கூடாது. அந்தத் தட்டுகள் நீரில் கரைந்த சுண்ணாம்பு படிந்து படிந்து உருவானவை. அவற்றின் விளிம்பில் ஏறி நின்று படம் எடுப்பது நமக்கும் ஆபத்து, பாறைக்கும் கேடு. குளத்தில் இறங்க உயிர்காப்பு மேலங்கி கட்டாயம். அங்கேயே சிறு வாடகைக்குக் கிடைக்கும். நீச்சல் தெரியும் என்று வாதிட வேண்டாம். நடுக்குளத்தில் ஆழம் திடீரென்று கூடும்.

மீன்கள் வந்து காலைக் கடிக்கும். வலிக்காது, ஆனால் எதிர்பாராமல் கடித்தால் குழந்தைகள் அலறிவிடுவார்கள். காலை அசைத்துக்கொண்டே இருந்தால் அவை விலகும். முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், அதுவே அவர்களுக்கு விளையாட்டாகிவிடும்.

உடை விஷயத்தில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தாய்லாந்துக் குடும்பங்களே டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையுமாகத்தான் நீரில் இறங்குகிறார்கள். ஆச்சிமார் சேலையோடு முதல் இரண்டு தட்டுகள்வரை தாராளமாக நடக்கலாம். அதற்கு மேல் சுடிதார் நல்லது. செருப்பு மட்டும் பின்பட்டை உள்ளதாக, ரப்பர் அடியுள்ளதாக இருக்கட்டும். விரலிடுக்குச் செருப்பு ஈரப் பாறையில் நிற்காது. முழங்கால் வலி உள்ளவர்களை வாசலிலிருந்து முதல் தட்டருகே கொண்டுபோய் விட மின்வண்டி இருக்கிறது. அதைக் கேட்காமல் அவர்களை நடக்க வைத்துக் களைக்க வைத்தால், பிறகு அருவிக் கரையில் உட்கார்ந்து பார்க்கும் தெம்புகூட இருக்காது.

இனி, சாப்பாடு. கட்டுச்சோறு இல்லாமல் நம் குடும்பங்கள் பயணம் போவதில்லை, அது நல்ல பழக்கம்தான். மீன் சாறு கலக்காத உணவு அந்தப் பக்கத்தில் எளிதில் அகப்படாது என்பதால் சைவக்காரர்களுக்கு அது தேவையும்கூட. ஆனால் இரண்டாம் தட்டுக்கு மேல் உணவு கொண்டுபோக அனுமதி இல்லை. சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு 20 பாட் முன்பணம் வாங்கிக்கொண்டு, திரும்பி வரும்போது பாட்டிலைக் காட்டினால் பணத்தைத் தருவார்கள். புளியோதரையும் தேன்குழலும் மாவுருண்டையும் வண்டியில் இருக்கட்டும்; இறங்கி வந்து, வாசலருகே உட்கார்ந்து சாப்பிடலாம். கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் குரங்குகள் பிடுங்கிக்கொள்ளும். நெகிழிப் பையையும் ஒருமுறை பயன்படுத்தும் தட்டு, குவளைகளையும் தேசியப் பூங்காக்களுக்குள் கொண்டுவர 2022 ஏப்ரல் முதல் தடை. அபராதம் 1,00,000 பாட் வரை போகலாம். ஊரிலிருந்து எவர்சில்வர் டப்பாவில் கொண்டுபோங்கள். மதுவுக்கும் பூங்காவுக்குள் இடமில்லை.

நாளைத் தேர்ந்தெடுப்பது

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் போகலாமே என்று தோன்றும். அதே நாட்களில்தான் அங்கே சொங்க்ரான் திருவிழா, ஏப்ரல் 13 முதல் 15 வரை. நாடே சாலையில் இருக்கும். போதாததற்கு அது கோடை. மேல் தட்டுகளில் நீர் மெலிந்திருக்கும். மே மாதப் பள்ளி விடுமுறையில் அங்கே மழை தொடங்குகிறது. அக்டோபர் வரை நீடிக்கும் மழைக்காலத்தில் அருவி நிறையும், கூடவே நீர் கலங்கும். வெள்ளம் வந்தால் மேல் தட்டுகளை மூடிவிடுவார்கள். நீர் தெளிந்து, வெயிலும் தணிந்திருப்பது நவம்பர் முதல் ஜனவரி வரை. என்னைக் கேட்டால் பொங்கல் விடுமுறை, அதிலும் வார நாள். சனி, ஞாயிறுகளில் பாங்காக்வாசிகளே அங்கே நிறைந்துவிடுவார்கள்.

திரும்பும் வழியில் காஞ்சனபுரி

காலையை அருவிக்குக் கொடுத்தால், பிற்பகல் நான்கு மணி வாக்கில் காஞ்சனபுரி நகரத்துக்கு வந்துவிடலாம். இங்கே நம்மவர்கள் செய்யும் தவறு, பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது. 1942, 43-இல் ஜப்பானியப் படை போட்ட 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதையின் பகுதி அந்தப் பாலம். அதற்காக உயிர்விட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்கு அந்த நகரில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. ஆனால் அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக மடிந்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். அவர்களில் பெருந்தொகையினர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். அவர்களுக்குத் தனித்தனிக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பலகையும் இல்லை.

செட்டிநாட்டில் பர்மாவும் மலாயாவும் ஒவ்வொரு வீட்டுப் பேச்சிலும் உண்டு. கொண்டுவிக்கப் போனவர்களின் கணக்குப் புத்தகங்களும் பர்மாத் தேக்குத் தூண்களும் நம் வளவுகளில் இன்னும் இருக்கின்றன. அதே கடலைக் கடந்து கூலிகளாகப் போனவர்களின் முடிவு இங்கே நடந்தது. நம் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த ஊரைக் கடந்துவிடக் கூடாது. காஞ்சனபுரியில் உள்ள வாட் தாவோர்ன் வராராம் புத்தக் கோயிலில் அந்தத் தமிழர்களுக்கு நடுகல் வைக்கப்பட்டிருக்கிறது. வழக்கமான சுற்றுலா வழித்தடத்தில் அது வராது. அன்று காலை கேட்டால் வழிகாட்டி தயங்கலாம். வண்டி பேசும்போதே அந்தக் கோயிலின் பெயரை எழுதிச் சேர்த்துவிடுங்கள். அரை மணி நேரம் போதும். கல்லறைத் தோட்டத்தை ஒட்டி ரயில் பாதையின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகமும் இருக்கிறது. பிள்ளைகள் சற்று வளர்ந்தவர்கள் என்றால் அதைப் பார்க்க, மதியமே அருவியிலிருந்து இறங்கிவிடுங்கள்.

பாங்காக் திரும்ப இரவு எட்டு மணி ஆகலாம், நெரிசலில் இன்னும் தாமதம் ஆகலாம். அதனால் இந்தப் பயணத்தை ஊர் திரும்பும் நாளில் வைக்காதீர்கள். இரவு விமானம்தானே, பகல் சும்மா கிடக்கிறதே என்று நினைத்தால் அருவியில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரிடும். ஈரத் துணியைக் காயவைக்கவும் பொழுதிருக்காது. பாங்காக்கில் இறங்கிய இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ போங்கள், மறுநாள் காலையை ஓய்வுக்கு விட்டுவிடுங்கள்.