மூக்கில் ரேடியேட்டர், முதுகில் இன்ஜின்

என் டொயோட்டா எம்ஆர்2 காரில் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், ரேடியேட்டரோ மூக்கில். இரண்டையும் இணைக்கும் குழாய்கள் வண்டியின் அடிவயிற்றில் நீளமாக ஓடுகின்றன. இதை மறந்து, சாதாரண காருக்குச் செய்வதுபோல் கூலன்ட்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்றி மூடியைத் திருகிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். மறுநாள் நாலு சிக்னல் தாண்டுவதற்குள் வெப்பமுள் ஏறியது. ஹீட்டரில் வந்ததோ குளிர்காற்று. குழாய்களுக்குள்ளே காற்று அடைத்திருக்கிறது, வேறென்ன.

இன்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தேன். (சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்.) அப்புறம் முன்பக்கம் ரேடியேட்டரிலும் ஹீட்டரிலும் உள்ள காற்றை வெளியேற்றும் திருகுகளைத் தளர்த்தி, மீன்தொட்டிக்கு வாங்கிய, உள்ளே இருப்பது தெரியும் டியூபை மாட்டி, பானட்டில் உயரமாகக் கட்டினேன். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, பின்னால் இன்ஜின் பக்கம் கூலன்ட்டை மெதுவாக ஊற்ற ஊற்ற, குமிழி குமிழியாக வந்தது. ஹீட்டர் டியூப் சீக்கிரம் தெளிந்துவிட்டது. ரேடியேட்டர் டியூப்தான் படுத்தியது. நின்றுவிட்டது என்று நினைக்கும்போது 'களுக்' என்று இன்னொன்று. அரை மணி நேரம் போனது. இரண்டிலும் மட்டம் அசையாமல் நின்றதும் திருகுகளை இறுக்கினேன், லேசாகத்தான். பழைய திருகு, முறிந்தால் தொலைந்தோம்.

இப்போது முள் பாதிக்குக் கீழேயே நிற்கிறது.