தலைப்பை ஒதுக்கிவிட்டு பஸ்ஸில் ஏறுங்கள்

எம்.ஏ. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் புராஜெக்ட் தலைப்போடு வரும்போது, வினாப்பட்டியலையும் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். "இலவச பஸ் பயணத்தால் பெண்கள் வாழ்வில் ஏற்பட்ட தாக்கம், மேடம். நூறு பேர், ஐம்பது கேள்வி." சமூகவியல் சொல்லிக்கொடுத்த காலம் முழுக்க இதைக் கேட்டேன். திட்டத்தின் பெயர் மாறும், அந்த நூறும் ஐம்பதும் மாறாது.

முதலில் 'தாக்கம்' என்ற சொல்லை அடியுங்கள். அதை வைத்து யாரிடமும் எதையும் கேட்க முடியாது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்று ஆனது. சரி, யாருக்கு என்ன மாறியது? வீட்டு வேலைக்குப் போகும் அக்கா முன்பு நடந்த தூரத்துக்கு இப்போது பஸ் ஏறுகிறாரா? மிச்சமான காசு யார் கையில் தங்குகிறது? கணவரிடம் காசு கேட்காமல் அம்மா வீட்டுக்குப் போய்வர முடிகிறதா? இதில் ஒன்று போதும். எது என்று பிடிபடவில்லையா, இரண்டு நாள் சும்மா அந்த பஸ்ஸில் போய் வாருங்கள். விடிகாலை ட்ரிப்பில் ஏறுகிறவர்கள் வேறு, பத்து மணிக்கு ஏறுகிறவர்கள் வேறு. 'ஓசி' என்ற சொல் யார் வாயிலிருந்து, யாரைப் பார்த்து வருகிறது என்றும் காது கொடுங்கள். உங்கள் ஐம்பது கேள்வியில் அதற்குக் கட்டம் இருக்காது.

கேள்வி முடிவானால் முறை பெரும்பாலும் தானே வந்துவிடும். எத்தனை பேர் என்றால் சர்வே. காசு யார் கையில் என்றால், மாமியார் காதில் விழாத இடத்தில், இரண்டு மூன்று தடவை போய் நிதானமாகப் பேச வேண்டும். 1897இல் தற்கொலை பற்றி எழுதிய பிரெஞ்சு சமூகவியலாளர் துர்கைம் யாரையும் பேட்டி எடுக்கவில்லை. அவர் கேள்வி தனி மனிதரின் துயரத்தைப் பற்றியதல்ல. விகிதம் ஏன் மதத்துக்கு மதம், மணமானவர் மணமாகாதவர் என்று மாறுகிறது என்பது. அதற்கு அரசுப் புள்ளிவிவரம்தான் சரி.

களத்துக்கு யாரோடு போகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்பதும் முறையில் சேர்த்திதான். 1961-62இல் தஞ்சைக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தெய் அக்கிரகாரத்தில் தங்கினார். ஊர் அவரையும் அந்தத் தெருக்காரராகவே பார்த்தது. சேரிக்குள் இயல்பாகப் போய்வர முடியவில்லை. அதை அவரே எழுதியிருக்கிறார், அதுதான் நேர்மை. நான் எம்.ஃபில்லுக்குப் போனபோது தலையாரியைத் துணைக்குக் கூட்டிப்போனேன். எல்லாரும் வருமானத்தைக் குறைத்தே சொன்னார்கள். கடன் தள்ளுபடிக்குக் கணக்கெடுக்க வந்தவள் என்று நினைத்தார்களாம். இரண்டு மாத உழைப்பு குப்பைக்குப் போனது.

அப்புறம், குறிப்புகளை அன்றன்று இரவே எழுதிவிடுங்கள், பிரதியை வேறு இடத்தில் வையுங்கள். சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீனிவாஸ் 1948இல் கர்நாடகத்து ராம்புராவில் களப்பணி செய்தார். அதிலிருந்து தொகுத்த குறிப்புகளுக்கு மூன்று பிரதிகள் இருந்தன. 1970இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் யாரோ தீ வைத்தபோது மூன்றும் ஒரே அறையில் இருந்தன. அவர் நினைவிலிருந்தே ஒரு புத்தகம் எழுதிவிட்டார். உங்களுக்கும் எனக்கும் அது நடக்காது, மெயிலில் ஒரு பிரதி போட்டுவையுங்கள்.