மெர்ஜ் பொத்தானை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் முறை

ஒருவர் ஒரு புல் ரிக்வெஸ்ட்டில் (தன் நிரல் மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றி, அதை அழைக்கும் எல்லா இடங்களையும் திருத்துகிறார். அதே நாளில் இன்னொருவர், அந்த ஃபங்ஷனைப் பழைய பெயரிலேயே அழைக்கும் புதிய கோப்பு ஒன்றைச் சேர்க்கிறார். தனித்தனியாக ஓட்டிப் பார்த்தால் இரண்டும் சோதனைகளில் தேறுகின்றன. இரண்டும் வெவ்வேறு கோப்புகளைத் தொடுவதால், நிரலின் பதிப்புகளைப் பேணும் கருவியான கிட் எந்த கான்ஃப்ளிக்ட்டையும் (மோதலையும்) காட்டுவதில்லை. ஆனால் இரண்டையும் மெர்ஜ் செய்தபின் (ஒன்றாக இணைத்தபின்), எல்லோரும் பகிரும் முதன்மை நிரலான மெயின் கிளை கம்பைல் ஆவதே இல்லை. புல் ரிக்வெஸ்ட் பக்கத்தில் தெரிந்த பச்சைக் குறி காலையில் இருந்த மெயினைப் பற்றியது. மாலைக்குள் மெயின் வேறாகிவிட்டது.

மெர்ஜைத் தானியங்கியாக்குவது என்றால், மனிதர் அழுத்தும் பொத்தானை ஒரு பாட் (தானாக இயங்கும் நிரல்) அழுத்துவது என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அழுத்துவது யார் என்பதில் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. மெயினில் எது போய்ச் சேரப்போகிறதோ அதே கலவையை முன்கூட்டியே உருவாக்கி, அதன்மேல் சோதனைகளை ஓட்டி, தேறினால் மட்டும் மெயினை அந்த இடத்துக்கு நகர்த்துவதில்தான் பயன் முழுவதும் இருக்கிறது. ரஸ்ட் மொழியைத் தொடங்கிய கிரேடன் ஹோர், எல்லாச் சோதனைகளிலும் எப்போதும் தேறும் நிரலை மட்டுமே கொண்ட ரெப்போ (நிரல் களஞ்சியம்) ஒன்றைத் தானாகவே பேண வேண்டும் என்பதை ஒரு விதியாக 2014இல் எழுதிவைத்து, இது ராக்கெட் விஞ்ஞானம் அல்ல என்பதையே அந்த விதிக்குப் பெயராகவும் சூட்டினார். அந்த விதியின்படி ரஸ்ட் திட்டத்துக்காக அவர் எழுதிய பாட்டின் பெயர் பார்ஸ். ஓப்பன்ஸ்டாக் திட்டத்தில் பிறந்த ஸூல், கிட்லேபின் மெர்ஜ் ட்ரெயின், கிட்ஹப் 2023 ஜூலையில் பீட்டா நிலையிலிருந்து வெளியே கொண்டுவந்த மெர்ஜ் க்யூ ஆகிய எல்லாமே அதே எண்ணத்தின் வெவ்வேறு வடிவங்கள்தான். பல குழுக்கள் தம் நிரலைக் கிட்ஹப் தளத்தில் வைத்திருப்பதால் அதையே முதன்மையாக வைத்து இங்கே வழிமுறையைச் சொல்கிறேன்.

முதலில் சோதனைகளைச் சீராக்குங்கள்

பாட் எதையும் புரிந்துகொண்டு மெர்ஜ் செய்வதில்லை. சோதனைகள் சொல்வதை மட்டுமே நம்புகிறது. ஆகவே காரணமின்றி அவ்வப்போது தோற்கும் ஃப்ளேக்கி சோதனைகளை முதலில் கவனிக்க வேண்டும். நூறு ஓட்டத்தில் ஒருமுறை காரணமின்றித் தோற்கும் சோதனைகள் பத்து இருந்தால், எந்தக் குறையும் இல்லாத மாற்றம்கூட ஏறத்தாழ பத்தில் ஒருமுறை தோற்கும். மனிதர் மெர்ஜ் செய்யும்போது இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, மறுபடி ஓட்டு என்று ஒரு சொடுக்கோடு முடிந்துவிடும். மெர்ஜுக்கான வரிசையில் (க்யூவில்) நிற்கும்போதோ, முன்னால் இருப்பது தோற்றால் பின்னால் இருப்பவை எல்லாம் முதலிலிருந்து ஓட வேண்டியிருக்கும். அத்தகைய சோதனைகளைக் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்து, தனி ஜாபில் (தனி ஓட்டப் பணியில்) ஓடவிட்டு, சரிசெய்தபின் திரும்பச் சேர்ப்பதே நல்லது. தோற்றால் மூன்று முறை தானாக மறுபடி ஓட்டு என்று எழுதி வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அது உண்மையான ரேஸ் கண்டிஷன்களையும் (செயல்கள் நிகழும் வரிசையைப் பொறுத்து வரும் பிழைகளையும்) சேர்த்தே மறைத்துவிடும்.

அடுத்தது நேரம். சிஐ (சோதனைகளைத் தானாக ஓட்டும் சேவை) ஓட்டம் ஒன்றுக்கு 30 நிமிடம் ஆகிறது, ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே மெர்ஜ் செய்கிறீர்கள் என்றால், 8 மணி நேர வேலைநாளில் 16 மாற்றங்களுக்கு மேல் மெயினுக்குப் போக முடியாது. நாளொன்றுக்கு நான்கைந்து மாற்றங்கள் மட்டுமே வரும் குழுவுக்கு இது போதும். அவர்களுக்கு க்யூவே தேவைப்படாமல் போகலாம்.

எந்த அளவு போதும்?

மிக எளிய நிலை ஆட்டோ மெர்ஜ். ரெப்போவின் பொது அமைப்புகளில் அதற்கான பெட்டியை இயக்கி, மெயின் கிளைக்கான பாதுகாப்பு விதிகளில் எந்தச் சோதனைகள் தேற வேண்டும், எத்தனை பேர் ஒப்புதல் தர வேண்டும் என்று குறித்துவிட்டால், அவை நிறைவேறும் நொடியில் கிட்ஹப்பே மெர்ஜ் செய்துவிடும். கட்டாய விதி எதுவும் இல்லாத கிளையில் இதனால் பயன் இல்லை, ஏனென்றால் காத்திருக்க அங்கே ஒன்றுமே இல்லை. மேலும், தொடக்கத்தில் சொன்ன ஃபங்ஷன் பெயர்ச் சிக்கலை இது தீர்ப்பதில்லை.

அதைத் தீர்ப்பது, மெர்ஜுக்கு முன் கிளை மெயினோடு ஒத்திருக்க வேண்டும் என்ற அடுத்த விதி. ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டும் மெயினின் இன்றைய நிலையை உள்வாங்கிக்கொண்டு சோதனையில் தேறினால்தான் கதவு திறக்கும். இது பாதுகாப்பானது, ஆனால் ஆள் கூடினால் தொல்லை. ஒருவர் மெர்ஜ் செய்ததும் மற்ற அனைவரின் கிளைகளும் பழையதாகிவிடுகின்றன. எல்லோரும் அப்டேட் பொத்தானை அழுத்தி, அரை மணி காத்திருந்து, யார் முந்துவது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஐந்து பேர் வரையிலான குழுவுக்கு இந்த இரண்டு விதிகளையும் சேர்த்து வைப்பதே போதுமானது என்பது என் கருத்து.

அதற்கு மேல் போனால் மெர்ஜ் க்யூ. கிட்ஹப்பில் இது ஆர்கனைசேஷன் கணக்குக்குச் சொந்தமான பொது ரெப்போக்களுக்கும், என்டர்பிரைஸ் கிளவுட் திட்டத்தில் இருக்கும் தனியார் ரெப்போக்களுக்கும் மட்டுமே கிடைக்கும். தனிநபர் கணக்கில் தேடினால் அந்தப் பெட்டி கண்ணில் படாது.

க்யூவை அமைத்தல்

க்யூவின் உள்வேலை தெரிந்தால் அமைப்புகள் தாமாகவே புரியும். முதல் புல் ரிக்வெஸ்ட் வரிசைக்கு வந்ததும், மெயினும் அந்த மாற்றமும் சேர்ந்த ஒரு தற்காலிகக் கிளை உருவாகிறது. இரண்டாவது வந்ததும், முதலாவது தேறிவிடும் என்ற ஊகத்தில் மெயின், முதலாவது, இரண்டாவது ஆகிய மூன்றும் சேர்ந்த இன்னொரு தற்காலிகக் கிளை உருவாகிறது. இரண்டுக்கும் சோதனைகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஊகம் பலித்தால் இரண்டும் அடுத்தடுத்து உள்ளே போகும். முதலாவது தோற்றால் அது வெளியேற்றப்பட்டு, இரண்டாவது அது இல்லாமல் மறுபடி கட்டப்படும்.

இந்தத் தற்காலிகக் கிளைகளில் சோதனைகள் ஓட வேண்டுமானால், உங்கள் ஆக்‌ஷன்ஸ் கோப்பின் (கிட்ஹப்பின் சிஐ சேவைக்கான கட்டளைக் கோப்பு) தொடக்க நிகழ்வுகளில் புல் ரிக்வெஸ்ட்டோடு மெர்ஜ் குரூப் என்ற நிகழ்வையும் சேர்க்க வேண்டும். க்யூவை முதன்முதலில் இயக்குபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். இந்த ஒரு வரி விடுபட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது; கட்டாயச் சோதனையின் முடிவுக்காக க்யூ அமைதியாகக் காத்திருந்து, கால வரம்பு முடிந்ததும் மாற்றத்தை வெளியே தள்ளிவிடும். எனவே கோப்பைத் திருத்தி அதை மெயினில் மெர்ஜ் செய்த பிறகே கிளையின் விதிகளில் க்யூவைக் கட்டாயமாக்குங்கள். வேறு சிஐ சேவையைப் பயன்படுத்துபவர்கள், க்யூ உருவாக்கும் தற்காலிகக் கிளைகளின் பெயர் முன்னொட்டுக்கு வரும் புஷ்களிலும் சோதனைகள் ஓடும்படி அமைக்க வேண்டும்.

எல்லாச் சோதனைகளையும் இரண்டு இடத்திலும் ஓட்ட வேண்டியதில்லை. லின்ட் (நிரலின் நடையைச் சரிபார்ப்பது), யூனிட் டெஸ்ட் (சிறு பகுதிகளின் சோதனை) போன்ற விரைவானவற்றைப் புல் ரிக்வெஸ்ட்டிலும், பிரவுசர் சோதனை போன்ற நீண்டவற்றை க்யூவில் மட்டும் ஓட்டுவது செலவைக் குறைக்கும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கட்டாயச் சோதனைகளின் பட்டியல் இரண்டு கட்டங்களுக்கும் ஒன்றே; க்யூவுக்குள் நுழையவே அந்தப் பட்டியல் நிறைவேற வேண்டும். ஜாபின் மேல் நிபந்தனை போட்டு அதைத் தவிர்த்தால், தவிர்க்கப்பட்ட ஜாபைக் கிட்ஹப் தேறியதாகவே கணக்கில் கொள்ளும். மாறாக, குறிப்பிட்ட கோப்புகள் மாறினால் மட்டும் ஓடு என்று முழு வொர்க்ஃப்ளோவையும் (ஜாப்களின் தொகுப்பையும்) பாதை வடிகட்டியால் தவிர்த்தால், அந்தச் சோதனை முடிவுறாத நிலையிலேயே நின்று வழியை அடைத்துவிடும். ஆகவே நிபந்தனையை ஜாப் மட்டத்தில் எழுதுங்கள்.

எத்தனை மாற்றங்களை ஒரே தொகுதியாக மெர்ஜ் செய்வது என்பது அடுத்த முடிவு. ஒவ்வொரு மாற்றமும் தேற 95 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொண்டால், ஐந்து சேர்ந்த தொகுதி முழுமையாகத் தேற 77 விழுக்காடும், பத்து சேர்ந்த தொகுதிக்கு 60 விழுக்காடும்தான் வாய்ப்பு. தொகுதி முழுவதுக்கும் ஒரே ஓட்டம் நடத்தும் கருவிகளில் தொகுதி பெரிதாகப் பெரிதாக சிஐ செலவு குறைகிறது, ஆனால் ஒரு தோல்வி எல்லோரையும் பின்னுக்கு இழுக்கிறது. ரஸ்ட் திட்டத்தில் முழுச் சோதனைக்குச் சில மணி நேரம் ஆவதால், ஆவணத் திருத்தம் போன்ற ஆபத்துக் குறைந்த மாற்றங்களை ரோல்அப் என்று ஒன்றாகக் கட்டி அனுப்புகிறார்கள். கம்பைலரின் வேகத்தைப் பாதிக்கக்கூடிய மாற்றங்களை ரோல்அப்பில் சேர்க்கக் கூடாது என்று குறித்துத் தனியே மெர்ஜ் செய்கிறார்கள், ஏனென்றால் வேகம் குறைந்தால் எந்த மாற்றத்தால் குறைந்தது என்று பின்னால் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் சோதனைகள் 15 நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்றால் தொகுதியின் அளவை 1 என்றே தொடங்குங்கள். தோல்வியில்லாதவற்றை மட்டும் மெர்ஜ் செய் என்ற பெட்டியையும் இயக்கியே வையுங்கள். அதை அணைத்தால், தொகுதியின் கடைசி நிலை தேறினால் போதும் என்று இடையில் தோற்ற கமிட்டுகளும் (பதிந்த மாற்றங்களும்) உள்ளே போய்விடும், பிறகு பிழை நுழைந்த கமிட்டைத் தேட கிட் பைசெக்ட் ஓட்டுபவர் பாடு திண்டாட்டம்.

சோதனை முடிவுக்கான கால வரம்பு இயல்பாக 60 நிமிடம். உங்கள் மிக மெதுவான ஓட்டம் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்து, அதைவிடச் சற்றுக் கூடுதலாக வையுங்கள். அவசரத் திருத்தம் ஒன்றை வரிசையின் முன்னே நிறுத்தும் வசதியும் உண்டு, ஆனால் அப்படிச் செய்தால் ஓடிக்கொண்டிருப்பவை எல்லாம் மறுபடி கட்டப்படும் என்பதால் அந்த உரிமையைச் சிலருக்கு மட்டும் கொடுப்பது நல்லது.

கிட்லேபில் இதற்கு இணையான மெர்ஜ் ட்ரெயின் 2019இல் 12.0 பதிப்பில் வந்தது. கட்டணத் திட்டங்களில் மட்டுமே கிடைக்கிறது. மெர்ஜ் செய்த முடிவின் மேல் பைப்லைனை (சோதனை ஓட்டத்தை) ஓட்டும் அமைப்பை முதலில் இயக்கினால்தான் அங்கே ட்ரெயினை இயக்க முடியும். ஒரே நேரத்தில் 20 பைப்லைன்கள் வரை ஓடும், மற்றவை காத்திருக்கும்.

பாட் எழுதும் மாற்றங்கள்

நூலகங்களின் புதிய பதிப்புகளுக்கு, கிட்ஹப்பின் பாட்டான டிபென்டபாட் திறக்கும் புல் ரிக்வெஸ்ட்டுகளைத் தானாக மெர்ஜ் செய்ய வேண்டும் என்ற ஆசைதான் பலரை இந்தப் பக்கமே அழைத்துவருகிறது. முறை எளிது: அந்தப் புல் ரிக்வெஸ்ட்டின் மாற்ற வகையை வாசிக்கும் ஒரு வொர்க்ஃப்ளோ எழுதி, பேட்ச் பதிப்பு (சிறு பிழைத் திருத்தப் பதிப்பு) என்றால் மட்டும் ஆட்டோ மெர்ஜை இயக்கச் சொல்லலாம். திறந்தவர் டிபென்டபாட்தானா என்பதை, நிகழ்வைத் தூண்டியவரின் பெயரைக் கொண்டு சோதிக்காமல், புல் ரிக்வெஸ்ட்டை உருவாக்கியவரின் பெயரைக் கொண்டு சோதியுங்கள். முன்னதை ஏமாற்ற வழி உண்டு. எழுதும் உரிமையோடு ஓடும் புல் ரிக்வெஸ்ட் டார்கெட் நிகழ்வைப் பயன்படுத்தினால், அந்த ஜாபுக்குள் புல் ரிக்வெஸ்ட்டின் நிரலைச் செக்அவுட் செய்து ஓட்டவே கூடாது. ஆக்‌ஷன்ஸின் உள்ளமைந்த டோக்கன் (அனுமதிச் சாவி) கொண்டு செய்த மெர்ஜ், மெயினில் புஷ் நிகழ்வால் தொடங்கும் வேறு வொர்க்ஃப்ளோக்களைத் தூண்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். மெர்ஜ் ஆனது, டிப்ளாய் (உற்பத்திச் சூழலில் நிறுவுதல்) ஏன் ஓடவில்லை என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. தனி கிட்ஹப் ஆப் ஒன்றின் டோக்கனைப் பயன்படுத்தினால் தீர்ந்துவிடும்.

தீங்கு நோக்கோடு வெளியான பதிப்பு உங்கள் சோதனைகளில் தேறிவிடும் என்பதைக் கணக்கில் எடுத்தே இந்த வொர்க்ஃப்ளோவை எழுத வேண்டும். 2025 செப்டம்பரில், ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளின் களஞ்சியமான என்பிஎம்மில் சாக், டீபக் ஆகிய பொதிகளின் நச்சுப் பதிப்புகள் வெளியாகிச் சில மணி நேரத்துக்குள் அகற்றப்பட்டன. வெளியான பதிப்பைச் சில நாட்கள் கழித்தே எடுத்துக்கொள் என்ற கூல்டவுன் அமைப்பு அத்தகையவற்றைத் தடுத்துவிடும். ஆனால் தரவைச் சுருக்கும் எக்ஸ்ஸெட் நூலகத்தின் 5.6.0 பதிப்பு 2024 பிப்ரவரியில் வெளியாகி, அதிலிருந்த பின்கதவு மார்ச் 29 அன்றுதான் அம்பலமானது, அதையும் ஒரு மென்பொருளாளர் உள்நுழைவில் கண்ட சிறு தாமதத்தைத் துருவியதால்தான் கண்டுபிடித்தார். சில நாள் காத்திருப்பு அதைத் தடுத்திருக்காது. ஆகவே லின்டர், டெஸ்ட் கருவிகள் போன்ற உருவாக்க நேரப் பொதிகளைத் தானாக மெர்ஜ் செய்து, உற்பத்திச் சூழலுக்குப் போகும் நூலகங்களுக்கு மனிதர் ஒருவரின் ஒப்புதலை வைத்துக்கொள்வது என் வழக்கம். உருவாக்க நேரப் பொதிகளும் சிஐயில் ரகசியச் சாவிகளுக்கு அருகில் ஓடுகின்றன என்பதால், அந்த ஜாபின் உரிமைகளையும் குறைத்து வையுங்கள்.

கான்ஃப்ளிக்ட்டைக் குறைத்தல்

க்யூவால் கான்ஃப்ளிக்ட்டைத் தீர்க்க முடியாது; வெளியே தள்ளத்தான் தெரியும். எனவே அடிக்கடி மோதும் கோப்புகளின் அமைப்பையே மாற்றிவிடுவது பலன் தரும். எல்லோரும் ஒரே சேஞ்ச்லாக் (மாற்றப் பட்டியல்) கோப்பின் முதல் வரியில் எழுதினால் மோதல் நிச்சயம். பைடெஸ்ட், பிப் போன்ற பைதான் திட்டங்கள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சிறு தனிக் கோப்பை எழுதவைத்து, வெளியீட்டின்போது டவுன்க்ரையர் என்ற கருவியால் அவற்றை ஒன்றாகத் தொகுக்கின்றன. நூலகங்களின் துல்லியமான பதிப்புகளைப் பதிந்துவைக்கும் லாக் கோப்புகளைக் கையால் தைக்க முயலாமல், ஒரு பக்கத்தை ஏற்றுக்கொண்டு பொதி மேலாளரை மறுபடி ஓட்டிப் புதிதாக உருவாக்குங்கள். நீண்டகாலக் கிளை ஒன்றைத் திரும்பத் திரும்ப ரீபேஸ் செய்பவர்கள் (மெயினின் புதிய நிலைமேல் மறுபடி அடுக்குபவர்கள்) கிட்டின் ரீரீரீ வசதியை இயக்கினால், ஒருமுறை தீர்த்த அதே கான்ஃப்ளிக்ட்டை அடுத்த முறை கிட்டே நினைவிலிருந்து தீர்த்துத் தரும்.

இவற்றை ஒரே நாளில் எல்லா ரெப்போக்களிலும் கொண்டுவர வேண்டாம். போக்குவரத்து மிகுந்த ஒன்றை எடுத்து, வரிசையில் சேர்வதற்கும் மெர்ஜ் ஆவதற்கும் இடையே ஆகும் நேரத்தையும், குறையே இல்லாமல் வெளியே தள்ளப்பட்டவற்றின் எண்ணிக்கையையும் சில வாரம் குறித்துவாருங்கள். காத்திருப்பு நேரம் கூடினால் உங்கள் சிஐ செலவு வரம்பு இடம் தரும் அளவுக்கு, ஒரே நேரத்தில் ஓடும் ஓட்டங்களின் எண்ணிக்கையை உயர்த்துங்கள். வீணான தோல்விகள் கூடினால் அமைப்புகளைத் தொடாமல் சோதனைகளுக்குத் திரும்புங்கள். சிஐ சேவையே செயலிழந்திருக்கும் நேரத்தில் உற்பத்தியில் பிழை வந்தால் க்யூவைத் தாண்டி மெர்ஜ் செய்யும் உரிமை யாரிடம் இருக்கும் என்பதையும், அப்படிச் செய்தவர் அதைக் குழுவின் எந்தச் சேனலில் தெரிவிக்க வேண்டும் என்பதையும் ரீட்மீ கோப்பிலேயே எழுதிவையுங்கள்.