முதலில் மாட்டிக்கொள்ளப் பழகுங்கள்

என் ஸ்குவாட், அதாவது எடை மாட்டிய பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது, 97.5 கிலோவில் எட்டு மாதம் நின்றது. 100 கிலோ ஏற்றிய ஐந்து தடவையும் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். ஆறாவது தடவை பிளேட்டுகளை நானே அவசரமாக மாட்டினேன். எங்கள் ஜிம்மில் எல்லாமே ஒரே வட்டத்தில் வரும் கறுப்பு ரப்பர் பிளேட்டுகள். எண் உள்பக்கம் திரும்பிவிட்டால் பதினைந்து எது, இருபது எது என்று சட்டென்று தெரியாது. பக்கத்துக்கு இரண்டு இருபது இருப்பதாக நினைத்துக்கொண்டு கீழே போனேன். எழ முடியவில்லை. கழற்றும்போதுதான் பார்த்தேன், வெளியே இருந்த இரண்டும் பதினைந்து. பாரின் 20 கிலோவையும் சேர்த்து மொத்தம் 90. அந்த 90-ஐ முந்தின வாரம்தான் ஐந்து ரெப், அதாவது தொடர்ந்து ஐந்து தடவை, எடுத்திருந்தேன்.

பாரைத் தாங்கும் சட்டமான ராக்குக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். தூக்கம் கெட்ட நாளில் 90-லும் விழலாம்தான். ஆனால் ஐந்து நிமிடம் முன்னால் 87.5 லேசாக எழுந்திருந்தது. என்னை உட்கார வைத்தது 100 என்கிற எண்.

நான் பயிற்சியாளர் அல்ல. முப்பத்தெட்டு வயதில் முதன்முதலாகப் பாரைத் தொட்டவள், ஆறு வருடமாகத் தூக்குகிறேன். கடந்த மூன்று வருடமாகப் புதிதாக வரும் பெண்கள் கனமான செட் போடும்போது பின்னால் நிற்பது பெரும்பாலும் நான்தான். அப்படி நின்று பார்த்ததில், கிட்டத்தட்ட எல்லாருக்கும் இருப்பது ஒரே பயம்: அடியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? அந்தக் கேள்விக்குக் கையும் காலும் பதில் தெரிந்து வைத்திருந்தால் பயத்தில் முக்கால்வாசி போய்விடுகிறது. அதனால் தைரியம் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிக்கொடுப்பது விழுவதற்குத்தான்.

தலையா, காலா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் சுத்தமாக எடுத்த ரெப் எண்ணிக்கையை 30-ஆல் வகுத்து, அதோடு 1 கூட்டி, எடையால் பெருக்குங்கள். எப்லி சூத்திரம் என்பார்கள். எனக்கு 90 கிலோவில் 5 ரெப், அதாவது ஒரே ஒரு ரெப்பாக எடுக்கக்கூடியது ஏறக்குறைய 105 கிலோ. இது மதிப்பீடுதான், பத்து ரெப்புக்கு மேல் போனால் நம்ப வேண்டாம். ஆனால் கணக்கு 105 சொல்லும்போது நீங்கள் 100-இல் திரும்பத் திரும்ப விழுந்தால், தலையைச் சந்தேகப்படலாம். கணக்கே 96 சொன்னால் இன்னும் பலம் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், போனைப் பக்கவாட்டில் வைத்து வீடியோ எடுங்கள். பலம் தீர்ந்துபோனால் பார் மெதுவாகும், ஊரும், நடுவில் நிற்கும், பிறகுதான் இறங்கும். தலை கைவிட்டால் பார் நல்ல வேகத்தில் இருக்கும்போதே ஆள் தளர்ந்துவிடுவார். என் வீடியோவில் நான் அடிக்குப் போய்ச் சேரும் முன்பே மூச்சு வெளியே போயிருந்தது. தூக்குவதற்கு முன்னாலும் அடையாளம் தெரியும்: பெல்ட்டை மூன்று தடவை இறுக்குவது, பாரைச் சுற்றிச் சுற்றி நடப்பது, ராக்கிலிருந்து மூன்று எட்டு பின்னால் வைப்பவர் அன்றைக்கு ஆறு எட்டு வைப்பது.

கூர்மையான வலி, கால் மரத்துப்போவது, தலைசுற்றல் இருந்தால் நான் சொல்லும் எதையும் செய்ய வேண்டாம். அந்தப் பயம் உங்களைக் காப்பாற்றுகிற பயம். பாரை வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

விழப் பழகுவது

ராக்கின் இரண்டு பக்கமும் பாதுகாப்புக் கம்பிகள் இருக்கும். பலர் அவற்றை ஏதோ ஓர் உயரத்தில் விட்டுவிட்டுத் தூக்குகிறார்கள். அது இல்லாததற்குச் சமம். வெறும் பாரோடு உங்கள் முழு ஆழத்துக்கு உட்காருங்கள். பார் எங்கே நிற்கிறதோ அதற்கு இரண்டு விரல் கீழே கம்பி இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் ஒவ்வொரு ரெப்பிலும் இடிக்கும். மிகவும் கீழே இருந்தால் மாட்டிக்கொள்ளும்போது முதுகை மடக்கித்தான் அதைத் தொட முடியும். ராக் தூணில் கம்பியை மாட்டும் உங்கள் துளையின் எண்ணைக் குறித்து வையுங்கள்.

இப்போது வேண்டுமென்றே விழுங்கள். வெறும் பாரோடு கீழே போய், எழாமல், இன்னும் கொஞ்சம் உட்காருங்கள். பார் கம்பியில் 'டங்' என்று உட்காரும். நெஞ்சு நிமிர்ந்தே இருக்கட்டும், பாரிலிருந்து கையை அவசரமாக எடுக்க வேண்டாம். பாரம் முழுவதும் கம்பிக்குப் போன பிறகு முன்பக்கமாக நழுவி வெளியே வாருங்கள். பத்து தடவை செய்யுங்கள். பிறகு 40, 60, 70 கிலோ. அந்தச் சத்தத்துக்குக் காது பழக வேண்டும். முதல் நாளில் எல்லாருமே அதைக் கேட்டு அதிர்கிறார்கள், நாலாவது நாளில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் இரண்டு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், இதை வார்ம்-அப்பிலேயே சேர்த்துக்கொண்டேன். செலவானது ஐந்து நிமிடம். எட்டு மாதம் நான் செய்த வேறு எதையும்விட இது உதவியது.

படுத்துக்கொண்டு பாரை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் விஷயம் இன்னும் தீவிரம், அங்கே பார் இருப்பது கழுத்துக்கு மேலே. முதுகை வளைத்துப் படுத்திருக்கும்போது நெஞ்சுக்குச் சற்றுக் கீழேயும், முதுகைத் தட்டையாக்கினால் கழுத்துக்கு மேலேயும் கம்பி நிற்கிற மாதிரி வையுங்கள். கம்பியும் இல்லை, ஆளும் இல்லை என்றால் உச்ச எடையை முயற்சி செய்யாதீர்கள். தனியாகச் செய்கிறவர்கள் காலரை (பிளேட் நழுவாமல் பிடிக்கும் பூட்டு) மாட்டாமல் விடுவது, மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டை நழுவ விடுவதற்காக. அது கடைசி வழி, மறுபக்கம் பார் வேகமாக எகிறும். கட்டைவிரல் எப்போதும் பாரைச் சுற்றியே இருக்கட்டும்.

தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட்டில் மாட்டிக்கொள்ள எதுவும் இல்லை, விட்டால் தரை. அங்கே பயம் முதுகைப் பற்றியது. அதற்கு மருந்து இலகுவான எடையில் நூற்றுக்கணக்கான சுத்தமான ரெப், வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பின்னால் ஆள் நிற்பதாக இருந்தால் முன்பே பேசிவிடுங்கள். எங்கள் ஒப்பந்தம் ஒரு சொல்: "எடு." அந்தச் சொல் வரும் வரை, அல்லது பார் கீழ்நோக்கி இறங்க ஆரம்பிக்கும் வரை, நான் தொட மாட்டேன். தொட்டுவிடுவார்களோ என்கிற சந்தேகமும் கவனத்தைக் கெடுக்கும், தொடாமல் விட்டுவிடுவார்களோ என்கிற சந்தேகமும் கெடுக்கும்.

எண்ணின் மிரட்டல்

60, 100, 140 இவையெல்லாம் மிரட்டுவதற்குக் காரணம் பக்கத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபது கிலோ பிளேட்டுகள் வரிசையாக நிற்பது. அதே 100-ஐப் பக்கத்துக்கு ஒரு இருபது, ஒரு பத்து, இரண்டு ஐந்து என்று மாட்டிப் பாருங்கள். பார்வைக்கு வேறு பார் ஆகிவிடும். அரைக் கிலோ பிளேட்டுகள் கிடைத்தால் 97.5-க்கு அப்புறம் 98.5, 99.5, 100.5 என்று போகலாம், 100-ஐத் தொடவே வேண்டாம்.

சிலர் எடையைச் சொல்லாமல் மறைத்து ஏற்றித் தூக்கச் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு தடவை பலித்தாலும், அடுத்த முறை பின்னால் நிற்பவரை நம்ப முடியாது. அந்த நம்பிக்கையை இழந்து கிடைக்கும் ஐந்து கிலோ எதற்கு?

மறைப்பதற்குப் பதில் அதைவிடக் கனத்தைத் தோளில் காட்டுங்கள். வழக்கமான செட் முடிந்ததும் 105 ஏற்றி, ராக்கிலிருந்து எடுத்து, பத்து விநாடி நிமிர்ந்து நின்று, திருப்பி வையுங்கள். உட்கார வேண்டாம். இரண்டு தடவை போதும். அதன் பிறகு 100-ஐ எடுக்கும்போது "இவ்வளவுதானா" என்று தோள் சொல்லும். உங்கள் உச்ச எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்ட வேண்டாம், வாரா வாரமும் வேண்டாம். கம்பிகள் கட்டாயம்.

20-க்கும் 100-க்கும் ஒரே நடை

வெறும் பாரை எடுக்கும்போது பேசிக்கொண்டே எடுத்து, 100-க்கு மட்டும் கோயில் வாசலில் நிற்பது போல நின்றால், உடம்பு அதை ஆபத்து என்றுதான் எடுத்துக்கொள்ளும். வெறும் பாரையே 100 மாதிரி எடுங்கள். கை, தோள், கால், மூச்சு, மேலே, பின்னால் மூன்று எட்டு வைப்பது, மறுபடி மூச்சு, கீழே. இதே வரிசை, ஒவ்வொரு செட்டுக்கும். என் ஏணி: பார் 10 ரெப், 40-க்கு 5, 60-க்கு 3, 75-க்கு 2, 85-க்கு 1, 92.5-க்கு 1, அப்புறம் 100. கடைசி மூன்றுக்கும் நடுவே நாலு நிமிட ஓய்வு. 100 வரும்போது அதே வேலையின் ஏழாவது தடவை அது.

மனதுக்குள் ஒரே ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். அது உடம்புக்கு இடும் கட்டளையாக இருக்கட்டும். "என்னால் முடியும்" என்று சொன்னால் உள்ளே ஒரு குரல் உடனே எதிர்வாதம் செய்யும். "நெஞ்சு" என்றால் வாதத்துக்கு இடமில்லை, நெஞ்சை நிமிர்த்த வேண்டியதுதான். மூச்சை வயிறு நிறைய இழுத்து அடக்குவது முதுகைத் தாங்கும். ஆனால் அது இரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றும். அழுத்தமோ குடலிறக்கமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

கத்தலாமா?

1961-இல் மிச்சியோ இக்காய், ஆர்தர் ஸ்டைன்ஹாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் முழங்கையை மடக்கும் பலத்தை அளந்தார்கள். இழுப்பதற்கு முன் துப்பாக்கி வெடித்தபோதும், இழுக்கும்போது கத்தியபோதும் சராசரி பலம் கூடியது. நாம் முழுப் பலம் என்று நினைப்பதற்கு மேல் கொஞ்சம் பூட்டிக் கிடக்கிறது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். அதனால் கத்தல் வந்தால் வரட்டும், வெட்கப்பட வேண்டாம். ஆனால் ஏற்கெனவே நடுங்குகிறவரை இன்னும் உசுப்பேற்றினால் அவர் நுட்பத்தை மறப்பார். என் அனுபவத்தில் பத்தில் ஏழு பேருக்குத் தேவைப்படுவது அமைதி. "மெதுவா மூச்சு விடு" என்று சொல்லி முதுகைத் தட்டினாலே போதும்.

விழுந்த அன்று

2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவுக்கு ஆறு முயற்சிகளில் ஒன்றுதான் செல்லுபடியானது. பாரை முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்றும் போய், மொத்த எடையே பதிவாகவில்லை. அடுத்த வருடம் 194 கிலோவோடு உலக சாம்பியன், டோக்கியோவில் 202 கிலோவோடு வெள்ளி. நடுவில் இருந்த மாதங்களில் அவர் எத்தனை தடவை பாரிடம் திரும்பிப் போயிருப்பார் என்று நினைத்துப் பார்ப்பேன், நெஞ்சு நிறையும்.

நமக்கான விதி எளியது: ஒரே நாளில் ஒரே எடையில் இரண்டாம் முறை விழாதீர்கள். விழுந்ததும் 80 சதவீதத்துக்கு இறக்கி, சுத்தமாக இரண்டு ரெப் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்த இடத்தில் நின்றது, மூச்சு எப்போது போனது, அந்த நிமிடம் என்ன நினைத்தீர்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் அடுத்த முயற்சி.

நான் 100 எடுத்தது அந்தப் பதினைந்து கிலோ பிளேட் குழப்பத்துக்கு ஏழு வாரம் கழித்து. மெதுவாகத்தான் எழுந்தது. நடுவில் ஒரு கணம் நின்றபோது 'டங்' சத்தம் காதில் கேட்ட மாதிரி இருந்தது, அது பழகிய சத்தமாக இருந்தது, தள்ளிக்கொண்டே இருந்தேன். பாரை ராக்கில் வைத்த பிறகுதான் கை நடுங்கியது. அடுத்த வாரம் வந்ததும் முதல் வேலையாகக் கம்பியை என் துளையில் மாட்டி, 40 கிலோவோடு உட்கார்ந்து, மூன்று தடவை விழுந்து எழுந்துவிட்டுத்தான் செட்டை ஆரம்பித்தேன்.