அல்லாஹ்வின் பெயரைத் தகட்டில் அறுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இஸ்லாமிய நகை செய்யக் கிளம்புபவர்கள் ரம்பத்துக்கும் பற்றவைப்புக்கும்தான் பயப்படுகிறார்கள். ஆனால் வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் எழுத்துதான். சில டிசைன் மென்பொருட்களில் அரபு எழுத்துகள் சேராமல் தனித்தனியாக விழும், வரிசையும் தலைகீழாகும். ஓதத் தெரியாதவருக்கு அதுவும் அழகாகவே தெரியும். அறுக்கும் முன் ஓதத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். ஒரு புள்ளி உதிர்ந்தால் ஜீம் என்ற எழுத்து ஹா என்ற எழுத்தாகிவிடும்.

'அல்லாஹ்' என்று இழை ரம்பத்தால் அறுத்து டாலர் செய்வது எளிது போலத் தோன்றும். அதன் முதல் எழுத்தான அலிஃப் அடுத்த எழுத்தோடு சேராது. அறுத்ததும் கழன்று கையோடு வந்துவிடும். அதற்காக அடியில் கொஞ்சம் உலோகத்தை விட்டு, பக்கத்து எழுத்தான லாமோடு இணைத்துவிடுகிறார்கள். அடியில் இணைந்த அலிஃப் இன்னொரு லாம் ஆகிவிடுகிறது, பெயரே மாறிப்போகிறது. சுற்றிலும் வளையம் விட்டு அதில் அலிஃபைப் பிடிக்க வையுங்கள், அல்லது பின்னால் தகடு கொடுத்துப் பற்றவையுங்கள். மேலே வரும் ஷத்து என்ற இரட்டிப்புக் குறிக்கும் இதே வழிதான். அப்புறம், மெருகை அழுத்திப் போட்டால் மெல்லிய குறிகள் தேய்ந்துவிடும். தகட்டை முதலில் மெருகேற்றி, பிறகு பொறிப்பது நல்லது.

நபி (ஸல்) அவர்களின் வெள்ளி மோதிரத்தில் 'முஹம்மது ரசூல் அல்லாஹ்' என்று மூன்று வரிகளில் இருந்தது. மன்னர்களுக்கு எழுதும் கடிதங்களில் முத்திரையிட அது பயன்பட்டது. அதே வாசகத்தை வேறு யாரும் பொறிக்க வேண்டாம் என்றும் ஹதீஸில் (நபிமொழியில்) வருகிறது. அந்தத் தடை இன்றும் பொருந்துமா என்பதை ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டுவிட்டு அச்சு எடுங்கள்.

ஆண்களுக்குத் தங்கம் ஹராம் என்பது எல்லோருக்கும் தெரியும். தங்க முலாமும் வேண்டாம் என்பதே என் கட்சி. பார்ப்பவர் கண்ணுக்கு அது தங்கம்தானே? வெள்ளி மோதிரத்திலும் எடையைக் கவனியுங்கள்: ஹனஃபி மத்ஹபில் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று) ஒரு மிஸ்கால், அதாவது சுமார் 4.3 கிராம், தாண்டக் கூடாது என்பார்கள். ஜெர்மன் சில்வரில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மட்டும்தான். அதை வெள்ளி என்று விற்பது மோசடி, நிக்கல் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தரும். 925 முத்திரை குத்தினால் உள்ளே 92.5 சதவீதம் வெள்ளி இருந்தாக வேண்டும்.

குர்ஆன் வசனம் பொறித்த டாலரைக் கண்ணேறு போக்கும், கஷ்டம் தீர்க்கும் என்று சொல்லி விற்காதீர்கள். அங்கே நகை தாயத்தாகிவிடும். அல்லாஹ்வின் பெயருள்ள நகையைக் கழிப்பறைக்குள் அணிந்து செல்வது வெறுக்கத்தக்கது என்பதால், சுலபமாகக் கழற்றும் கொக்கி வையுங்கள். அகலமான மோதிரத்தை இறுக்கமாகச் செய்தால் தொழுகைக்காகக் கை கால் கழுவி ஒளுச் செய்யும்போது அடியில் தண்ணீர் போகாது.

அறுத்த துண்டுகளில் பெயரின் பகுதி ஒட்டியிருந்தால் குப்பையில் தள்ளாமல் உருக்கி வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளியும் மிச்சமாகும்.