மறதி நோய் வந்த அம்மாவைப் பார்க்க உறவுக்காரர்கள் வரும்போது: ஒரு செய்முறை

டிமென்ஷியா என்னும் மறதி நோய் வந்தவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வதற்குப் பயமும் ஒரு காரணம். வார்த்தை வராமல் திணறுவோமோ, வந்திருப்பவர் யாரென்று தெரியாமல் முழிப்போமோ என்ற பயம். அதைக் குறைக்கத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

1. காதைப் பாருங்கள்

"சொன்னா புரியலை" என்று நாம் நினைப்பது சில சமயம் காது கேட்காததாக இருக்கும். காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காது மெஷின் போடுபவர் என்றால் பேட்டரியைக் கவனியுங்கள். 312 அளவு பேட்டரி, பழுப்பு ஸ்டிக்கரோடு வருவது, கிட்டத்தட்ட ஒரு வாரம்தான் தாங்கும். ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போடுங்கள். மூக்குக்கண்ணாடியையும் துடைத்து மாட்டிவிடுங்கள்.

2. நேரம்

குளித்து, டிபன் முடித்து, காலை 10 மணிவாக்கில் வரச் சொல்லுங்கள். பொழுது சாயும்போது பலருக்குப் பதற்றம் கூடும், அந்த நேரம் வேண்டாம். ஒரு தடவைக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். இருபது நிமிடம் போதும். டிவியை அணைத்துவிடுங்கள்.

3. வருபவரைத் தயார்செய்வது

எல்லாம் கெட்டுப்போவது இங்கேதான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்!" என்பார்கள். பாசத்தில் கேட்பதுதான், ஆனால் அம்மாவுக்கு அது பரீட்சை. தோற்றுவிட்டோம் என்று தெரிந்த நொடியில் முகம் இறுகும், அப்புறம் வாயே திறக்க மாட்டார். அதனால் முந்தின நாளே வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பிவிடுங்கள்:

"எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, 'பெரியம்மா, நான் செல்வி, உங்க தங்கச்சி மக. திண்டுக்கல்லேர்ந்து வந்திருக்கேன்'னு நீயே சொல்லிடு."

"காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்பதும் பரீட்சைதான். புது நினைவுகள்தான் முதலில் அழியும். "ஆவக்காய்க்குக் கடுகைப் பச்சையா பொடிக்கணுமா, வறுத்தா?" என்று கேட்டால் பதில் வரலாம். கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். நடுவில் வார்த்தை எடுத்துக்கொடுத்தால் பாதியில் வந்த பேச்சும் நின்றுபோகும்.

இறந்துபோன அப்பாவைத் தேடினால் "அவர் போய்ப் பத்து வருஷமாச்சே" என்று சொல்ல வேண்டாம். ஒவ்வொரு முறையும் அது புதுச் சாவுச் செய்தி. "அப்பாவைத் தேடுதாம்மா? அவருக்குக் காபி எப்படிப் போடுவீங்க?" என்று அவரைப் பற்றியே பேச வையுங்கள்.

4. கைக்கு ஒரு வேலை

சும்மா எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு வறண்டுவிடும். முருங்கைக்கீரை ஆயலாம், பூத் தொடுக்கலாம். பெயர் மறந்தவர்களுக்கும் கைப்பழக்கம் வெகுநாள் நிற்கும். 100 கிராம் மல்லி மொட்டு, நனைத்த வாழைநார் எடுத்துவையுங்கள். முடிச்சு வராவிட்டால் அம்மா இரண்டிரண்டாக மொட்டை எடுத்துக் கொடுக்கட்டும், வந்தவர் கட்டட்டும். அரளி மட்டும் வீட்டுக்குள்ளேயே வேண்டாம். அது விஷம், கையில் இருப்பதை வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் வந்திருக்கலாம்.

5. வெளியூரில் இருப்பவர்களுக்கு வீடியோ கால்

போனைவிட 10 அங்குல டேப்லெட் எவ்வளவோ மேல். கண் மட்டத்துக்கு உயர்த்திச் சாய்த்துவையுங்கள். கட்டம் கட்டமாக ஆறு பேர் தெரியும் குரூப் கால் கூடவே கூடாது. மூலையில் அம்மாவின் முகமே சின்னதாகத் தெரியுமே, அங்கே ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடுங்கள். "யாரோ ஒரு கிழவி என்னையே பார்க்கிறா" என்று மிரள்பவர்கள் உண்டு.

6. முடிப்பது

முந்தானையை முறுக்குவது, வாசலையே பார்ப்பது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது. இவை தெரிந்தால் களைத்துவிட்டார் என்று அர்த்தம். "நானும் வரேன்" என்று கூடவே எழுந்துவிடுபவர்களும் உண்டு. விருந்தாளி கிளம்பும் நேரத்தில் காபியைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்துவிடுங்கள். செல்வி வந்ததே சற்று நேரத்தில் மறந்துபோகலாம், அந்தச் சந்தோஷம் அதற்குப் பிறகும் நிற்கும். அதனால் "இப்ப யாரு வந்துட்டுப் போனா?" என்று கேட்டுச் சோதிக்காதீர்கள்.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று ஒடுங்கிப்போனாலோ குழம்பினாலோ நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம், புது மாத்திரையாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.